பதினைந்து அங்குல வரப்பு

பாலிடெக்னிக் கடைசி வருடத்தில் நாங்கள் நால்வர் சேர்ந்து செய்த ரோபோ, சோதனைக்கூடத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரைக்கும்தான் ஓடியது. மறு சுவரோரம் ஒரு பட்டுக்கரை வேட்டி நின்றுகொண்டிருந்தது. அதற்குள் அன்றைய சிறப்பு விருந்தினர் இருந்தார். ரோபோவின் சங்கிலி வேட்டியைப் பிடித்தது, அவர் வேட்டியைப் பிடித்தார், கல்லூரி முதல்வர் அவரைப் பிடித்தார். நல்ல வேளையாகக் கரண்ட் போயிற்று. சுவரிலிருந்து வயர் இழுத்து ஓட்டிய ரோபோ என்பதால் அதுவும் நின்றது, அவர் மானமும் நின்றது.

இது தொண்ணூற்றேழில். அதற்குப் பிறகு எங்களில் எவனுக்குக் கல்யாணம் நடந்தாலும், எவன் பிள்ளைக்குக் காதுகுத்து நடந்தாலும், பந்தியில் பாயசம் வருவதற்குள் அந்த ரோபோ வந்துவிடும். வருடத்துக்கு வருடம் அது ஓடிய தூரம் கூடிக்கொண்டே போயிற்று. போன தடவை கேட்டபோது வராந்தாவைத் தாண்டி சைக்கிள் ஸ்டாண்டை எட்டியிருந்தது.

ரோபோ ஓடியதில் எங்களுக்குள் சண்டை இல்லை. அது எதை நிரூபித்தது என்பதில்தான் சண்டை.

பிரபு குடவாசலில் டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறான். எந்த இரும்பையும் முதலில் ஒட்டிவிட்டு அப்புறம் அது என்ன என்று பார்ப்பவன். "காயிதத்துல ஒரு கோடு போடலடா. ரெண்டே நாளு. ஓடிச்சா இல்லியா?" என்பான்.

நெடுஞ்செழியன் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையின் திட்டப் பிரிவில் தலைமுடி கொட்டும்வரை வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். "ஓடிச்சுடா. நின்னுச்சா? பிரேக்குன்னு ஒண்ணு வேணும்னு எவன் யோசிச்சான்? மொதல்ல வரைஞ்சிருந்தா அந்தாளு வேட்டி தப்பிச்சிருக்கும்."

"வேட்டி மாட்டுனதாலதான்டா இன்னிக்கி வரைக்கும் பேசுறோம்."

மூன்றாமவன் பஞ்சநதம். வயரிங் அவனுடையது. அவன் மட்டும் இதில் கருத்துச் சொல்வதில்லை. சம்பவ நேரத்தில் மேசைக்கு அடியில் அறுந்த வயரைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை. எனக்கு அறிக்கை எழுதுகிற வேலை. 'வடிவமைப்பு' என்ற அத்தியாயத்தை, ரோபோ ஓடி முடித்து வேட்டி சலவைக்குப் போன பிறகு எழுதினேன். எல்லாப் பிரிவிலும் அதுதான் முறை. அந்த அத்தியாயத்தில் ஒரு சக்கரம் மட்டும் இல்லை. விழாவுக்குக் கொஞ்ச நேரம் முன்பு ரோபோ ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருக்க, நெடுஞ்செழியன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட, பிரபு ஹாஸ்டல் வார்டன் வீட்டுக்கு ஓடி அவர் குழந்தையின் நடைவண்டியிலிருந்து ஒரு சக்கரத்தைப் பிடுங்கி வந்து பக்கவாட்டில் ஒட்டினான். ஒரு திருட்டுச் சக்கரத்தை விஞ்ஞான மொழியில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த விவாதம் பந்தியோடு போயிருக்கும். பஞ்சநதத்தின் கால்தான் அதைத் திரும்ப இழுத்து வந்தது.

போன வருடம் சர்க்கரை அவன் வலது பாதத்தில் பாதியை எடுத்துக்கொண்டது. குடவாசலுக்கு வெளியே இருக்கிற அவன் ஊரில், டி.வி., இன்வர்ட்டர் ரிப்பேர் போக, அவனுக்கு ஆறு மா நிலம், ஏக்கர் கணக்கில் இரண்டு. நிலத்துக்கு வண்டிப்பாதை கிடையாது. வாய்க்கால் கரையில் இறங்கி, கோவிந்தராசு என்பவரின் வயலுக்கும் தன் நிலத்தின் நீண்ட ஒடுக்கமான பகுதிக்கும் நடுவே போகும் வரப்பில் நடந்து போகவேண்டும். ஆள் கிடைக்காத காலத்தில் நாற்றையும் உரத்தையும் பஞ்சநதமே தலையில் சுமந்தான். அரைப் பாதத்தோடு அது முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து கோவிந்தராசு வாரம் தவறாமல் வந்து நலம் விசாரித்தார். விசாரிப்பின் கடைசியில் எப்படியோ குத்தகை வந்துவிடும்.

பஞ்சநதம் எங்களுக்குப் போன் போட்டான். "ஒரு வண்டி செய்வோம்டா. வரப்பு மேல தானா போவணும், தானா வரணும். நாத்துக்கட்டை அது சொமக்கட்டும். நான் கரைமேல சேர் போட்டு உக்காந்து என் நடவை நான் பாத்துக்கறேன்."

அவன் மனைவி ஈஸ்வரி எங்கள் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னாள்: "நடவு அன்னிக்கி இது வரப்புல போயி நாத்தைச் சேத்துச்சுன்னா நெலம் நம்ம கையில. இல்லன்னா அன்னிக்கே கோவிந்தராசு அண்ணன்கிட்ட குத்தகைக்கு விட்டுடுவேன். இவரு அந்தக் காலோட வரப்புல தடுமாறி விழறதை நான் பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

அவள் சொன்னதில் கோபமே இல்லை. அதனால் பயமாக இருந்தது.

பொங்கல் முடிந்த முதல் ஞாயிறு, பஞ்சநதம் வீட்டுக்குப் பின்னால் செத்துப்போன டி.வி.க்கள் அடுக்கியிருக்கும் கொட்டகையில் கூடினோம். பிரபு வெல்டிங் மிஷினோடு வந்தான். நெடுஞ்செழியன் லேப்டாப்போடும் ஃபிளாஸ்க்கோடும் வந்தான்.

"ஆங்கிள வெட்டட்டுமா?" என்றான் பிரபு.

"தொடாத. மொதல்ல தேவை என்னன்னு ஆய்வு செய்யணும்."

"தேவைதான் சொல்லிட்டானேடா. நாத்து போவணும்."

"எவ்ளோ நாத்து? எவ்ளோ வேகம்? வழியில நண்டு வளை இருந்தா?"

"நண்டு நவுந்துக்கும்."

"நவுராட்டி?"

"நவுராட்டி ஈஸ்வரிகிட்ட குடுத்துடலாம், கொழம்பு வைப்பா. டேய், நீ ரோபோ செய்ய வந்தியா, வயலுக்குக் கலெக்டரா வந்தியா?"

நெடுஞ்செழியன் அசரவில்லை. பயனாளிகளிடம் நேர்காணல் என்று ஒரு கட்டம் வைத்திருந்தான். பயனாளி ஒரே ஒரு ஆள்தான், அடுப்படியில் இருந்தாள். "இந்த ரோபோகிட்ட நீங்க என்ன எதிர்பாக்கறீங்க?" என்று முறைப்படி கேட்டான்.

"அது சாப்புடுமாண்ணே?" என்றாள் ஈஸ்வரி.

"சாப்பிடாது."

"அப்ப உங்க நாலு பேருக்கும் அது எவ்வளவோ மேல்."

இதை அவன் 'இயக்கச் செலவு குறைவு' என்று பதிந்துகொண்டான்.

பங்குனியில், வயல் காய்ந்து வெடித்துக் கிடந்தபோது, நெடுஞ்செழியன் டேப்போடு இறங்கி வரப்பை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அளந்தான். எங்கே ரொம்பக் குறுகல் என்று தேடி, அந்த இடத்தில் பதினைந்து அங்குலம் என்று கண்டுபிடித்தான். சக்கரங்களுக்கு இடையே பதிமூன்று, பக்கத்துக்கு ஒன்று மிச்சம். 'வரப்பு: 15 அங்குலம்' என்று பெரிதாக அச்சடித்துக் கொட்டகைச் சுவரில் ஒட்டினான். அதற்கு நேர் கீழேதான் பஞ்சநதத்தின் நாற்காலி.

சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. வரைபடத்துக்கு வரைபடம் பிறந்தது. பிரபு ஒவ்வொரு ஞாயிறும் வந்து, "எப்பதான்டா ஒட்டுறது?" என்று கத்துவான். கத்திவிட்டு உட்கார்ந்து டீ குடிப்பான். வெல்டிங் மிஷினை இறக்கக்கூட மாட்டான். சால்டரிங் புகையின் வாசனை, யாரோ எடுத்து யாரும் திருப்பித் தராத ஸ்க்ரூ டிரைவர், ஒருத்தன் சட்டைப் பையிலிருந்து இன்னொருத்தன் கேட்காமல் பேனாவை உருவுவது, எல்லாம் அப்படியே இருந்தன. தொந்திதான் புதிது. மத்தியானச் சாப்பாட்டை பிரபு 'மெஸ்' என்றே சொன்னான். சாம்பாரைக் குறை சொன்னான், பழக்க தோஷம். ஈஸ்வரி கரண்டியை ஓங்கினாள்.

சிங்கப்பூரிலிருந்து வந்தபின் நெடுஞ்செழியனின் திட்டத்தைக் கேட்க அவன் வீட்டில் ஆளில்லை. பட்டறையில் பிரபுவை 'முதலாளி' என்றுதான் கூப்பிடுகிறார்கள், எவனும் 'டேய்' என்பதில்லை. திட்டம் முடிந்தால் ரோபோ முடிந்துவிடும், ரோபோ முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும். எவ்வளவு திட்டமிடவேண்டும் என்று நாங்கள் அந்த ஆறு மாதமும் போட்ட சண்டைக்குப் பின்னால் இருந்த பொறியியல் இவ்வளவுதான். நானும் நெடுஞ்செழியனிடம், "பாம்பு வந்தா என்ன பண்றதுன்னு யோசிச்சியா?" என்று ஒரு ஞாயிறு எடுத்துக்கொடுத்தேன். அதில் இரண்டு வாரம் ஓடியது.

மேட்டூர்த் தண்ணீர் வந்தது. சுற்றிலும் குறுவை நடவு முடிந்து பச்சை ஏறியது. பஞ்சநதத்தின் ஆறு மா மட்டும் கோரை முளைத்துக் கிடந்தது. அன்று ஈஸ்வரி டீ டம்ளர்களை வைத்த சத்தத்தில் நெடுஞ்செழியன் லேப்டாப்பை மூடிவிட்டான்.

"குறுவை போச்சு. பொரட்டாசியில சம்பா நடவு. அதுதான் கடேசி" என்றாள்.

பஞ்சநதம் எங்களைப் பார்க்கவில்லை. சுவரில் சாய்த்திருந்த தன் ஊன்றுகோலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் விளையாடிக்கொண்டிருந்தது அவன் நிலத்தை வைத்து என்பது அப்போதுதான் உறைத்தது.

அதற்கப்புறம் வேலை ஓடியது. பிரபு, மாமியார் கடிதத்தைப் படிப்பதுபோல வரைபடத்தைப் பார்த்தபடி, ஆனால் நூல் பிசகாமல், பதிமூன்று அங்குலத்துக்குச் சட்டம் ஒட்டினான். பஞ்சநதம் முன்னால் இரண்டு மூலையிலும் தரையைப் பார்க்கிற சென்சார் வைத்தான். இடப்பக்கம் பள்ளம் தெரிந்தால் வண்டி வலப்பக்கம் ஒதுங்கும், வலப்பக்கம் தெரிந்தால் இடப்பக்கம். இரண்டு பக்கமும் தெரிந்தால் நின்று கத்தும். கொல்லையில் செங்கல்லும் களிமண்ணும் வைத்துப் பதினைந்து அங்குலத்தில் ஒரு மாதிரி வரப்பு போட்டோம். வண்டி அதன்மேல் ஒரு அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டு, கோயில் யானை மாதிரி அலுங்காமல் போய்த் திரும்பியது. நிஜ வரப்பில் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போமா என்று நான் கேட்டேன். "வயல்ல வேலை நடக்குது, எதுக்குத் தொந்தரவு? அளவு ஒண்ணுதானே" என்றான் நெடுஞ்செழியன். பஞ்சநதமும் தலையாட்டினான்.

நடவு அன்று காலையில் வாய்க்கால் கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு பஞ்சநதத்தை உட்காரவைத்தோம். பக்கத்தில் நாற்றுக்கட்டுகள் குவிந்திருந்தன. தூரத்து வயலில் நாகம்மாளும் அவள் நடவு ஆட்களும் இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தார்கள். கோவிந்தராசு இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். "நல்லா வரட்டும் தம்பி. நான் சும்மா பாக்க வந்தேன்" என்றார். சும்மா பார்க்க வந்தவர் கையில் வெற்றிலை பாக்குப் பை இருந்தது.

நெடுஞ்செழியன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தத் திட்டத்தோட நோக்கம்..." என்று ஆரம்பித்தான்.

"சுவிட்சப் போடுறா" என்றான் பிரபு.

வண்டி கிளம்பியது. கரையை ஒட்டிய அகலமான பகுதியில் ஜம்மென்று போயிற்று. கோவிந்தராசுவின் வயல் ஆரம்பிக்கிற இடத்தில் நின்றது. நின்று, சூடுபட்ட பூனை மாதிரி கத்தத் தொடங்கியது.

"ரெண்டு பக்கமும் பள்ளம்ங்குது" என்றான் பஞ்சநதம்.

நெடுஞ்செழியன் டேப்போடு ஓடினான். அளந்தான். டேப்பை உதறிவிட்டு மறுபடி அளந்தான். எழுந்து நின்றபோது இழவு சொல்ல வந்தவன் முகம்.

"ஒம்போது" என்றான். "ஒம்போது அங்குலம்தான் இருக்கு. வரப்பு எங்கடா போச்சு?"

கோவிந்தராசு இரக்கத்தோடு சிரித்தார். "அண்டை வெட்டுனோம்ல தம்பி."

நடவுக்கு முன்னால் வரப்பின் பக்கங்களை மண்வெட்டியால் செதுக்கிப் புல்லையும் எலி வளையையும் எடுப்பதற்குப் பெயர் அண்டை வெட்டு. அவரவர் பக்கத்தை அவரவர் வெட்டவேண்டும். புல்லை மட்டும் வெட்டிவிட்டு மண்ணை விட்டுவைத்த மனிதன் இந்தச் சீமையில் இன்னும் பிறக்கவில்லை. வரப்பு குறுகினால் வயல் அகலும். இரண்டு பக்கமும் இதையே செய்தும் எங்கள் ஊர்களில் வரப்பு என்று ஒன்று மிஞ்சியிருப்பது, அவ்வப்போது சேற்றை அள்ளி அப்புவதால்தான்.

"நியாயமாங்க இது?" என்றான் நெடுஞ்செழியன். "நான் பங்குனியில அளந்தேன்."

"பங்குனியில அளந்துட்டுப் பொரட்டாசியில வந்தா? குறுவைக்கு ஒருதரம், அதை அறுத்துட்டுத் தாளடி நட ஒருதரம், எம்பக்கம் மூணு அங்குலம் எடுத்திருப்பேன். இல்லேங்கல. மிச்சம் மூணு உங்க பக்கம்லய்யா போயிருக்கு. அதை யாரு வெட்டுனா?"

எல்லோரும் பஞ்சநதத்தைப் பார்த்தோம். பஞ்சநதம் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தான்.

"டேய்" என்றான் பிரபு.

"வழக்கமா சொல்றதுதான்டா. போன்ல ஆளுங்ககிட்ட சொன்னேன். கொஞ்சம் தாராளமா வெட்டுங்கன்னு."

"செவுத்துல பதினஞ்சுன்னு ஒட்டியிருக்கு. தெனம் அதுக்கு அடியில உக்காந்துதானடா தின்ன?"

"அது ரோபோவோட வரப்புடா" என்றான் பஞ்சநதம், பாவமாக. "இது நம்ம வரப்பு."

பிரபு பொறுமை இழந்து ரிமோட்டைப் பிடுங்கி, சென்சாரை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளினான். அது ஒரு கணம் யோசித்தது. பிறகு மொத்த நாற்றோடும் கோவிந்தராசுவின் சேற்றில் குப்புற விழுந்தது. நாகம்மாள் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "மாடு படுத்துருச்சுடி!" என்று ஒரு குரல் வந்தது.

ஈஸ்வரி சிரிக்கவில்லை. அவள் கண் கோவிந்தராசுவின் பையில் இருந்தது. அவரும் பையை வலக்கைக்கு மாற்றிக்கொண்டார்.

"விடுங்கடா, பரவால்ல" என்றான் பஞ்சநதம். கோவிந்தராசு பக்கம் திரும்பினான். "அண்ணே, நீங்களே..."

வண்டியைத் தூக்கிக் கரையில் போட்டோம். பிரபு அதன் முன்னால் குந்தி, ஒரு குச்சியை எடுத்து ஈர மண்ணில் கோடு போட ஆரம்பித்தான். என் வாழ்நாளில் அவன் கோடு போட்டுப் பார்த்ததில்லை. "இருங்கடா. யோசிக்க விடுங்க. சட்டத்தைக் குறுக்குனா சாயும். பாரம் எங்க விழுதுன்னு மொதல்ல ஒரு கணக்கு..."

"என்னத்தடா கணக்கு!" என்று கத்தியது நெடுஞ்செழியன். கத்தியவன் டேப்பை வாய்க்கால் ஓரமாக விட்டெறிந்திருந்தான். "வெல்டிங்க எடு! நடைவண்டிடா! நடைவண்டி!"

பிரபு அவனை நிமிர்ந்து பார்த்தான். அந்த ஒரு பார்வையில் இருவருக்கும் இருபது வயது.

வயலில் பழுதாகி நிற்கும் டிராக்டர்களுக்காக ஜெனரேட்டரும் வெல்டிங் மிஷினும் ஏற்றிய குட்டியானை வண்டி பிரபுவிடம் எப்போதும் இருக்கும். அது கரையில்தான் நின்றது. சட்டத்தை வெட்டிக் குறுக்கினார்கள். பஞ்சநதத்தின் வயல் பக்கமாக ஒரு குழாயைக் கை மாதிரி நீட்டி ஒட்டினார்கள். நீளம் எவ்வளவு என்று பிரபு கேட்டதற்கு, நெடுஞ்செழியன் தன் கையை நீட்டிக் காட்டி, "இவ்ளோ" என்றான். குழாயின் நுனிக்குச் சக்கரம் வேண்டும். சேற்றில் சக்கரம் புதையும். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். நடவு ஆட்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்த பெரிய பிளாஸ்டிக் கேன் இருந்தது.

"அது எங்க தண்ணிய்யா!" என்று நாகம்மாள் வயலிலிருந்து கூவினாள்.

ஈஸ்வரி வந்து, தண்ணீரைக் குடத்தில் சாய்த்துவிட்டுக் காலி கேனை நெடுஞ்செழியனிடம் கொடுத்தாள். பஞ்சநதம் நாற்காலியில் இருந்தபடியே ஒரு பக்கச் சென்சார் வயரைப் பல்லால் உரித்து அறுத்தான். இந்தத் தடவை மேசை இல்லாததால் எல்லாவற்றையும் பார்த்தான்.

வண்டி மறுபடி கிளம்பியது. முன்பிருந்த யானை நடை இல்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, முனகி, நின்று, யோசித்து, வரப்பின்மேல் நொண்டிக்கொண்டு போயிற்று. கேன் சேற்றின்மேல் வழுக்கிக்கொண்டே கூடப் போயிற்று. கோவிந்தராசுவின் வயல் முழுக்கக் கடந்து, நாகம்மாளின் காலடியில் போய் நின்றது. வைத்த கட்டுகளில் ஒன்றிரண்டு வழியில் விழுந்திருந்தன.

"வாங்க மாப்ள" என்றாள் நாகம்மாள், கட்டை எடுத்துக்கொண்டே. "ஏன் நொண்டுறீங்க?"

"ஓனரு எப்பிடியோ அப்பிடி!" என்று பஞ்சநதம் கரையிலிருந்து கத்தினான். கத்திவிட்டுச் சிரித்தான். சிரிப்பு முடிந்த பிறகும் துண்டால் முகத்தை வெகுநேரம் துடைத்தான்.

கோவிந்தராசு பையோடு நின்றார். ஈஸ்வரி அவர் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"குடுங்கண்ணே. நடவு ஆளுங்களுக்கு வெத்தல இல்லன்னு யோசிச்சிக்கிட்டு இருந்தேன்."

அவர் ஒரு நொடி தயங்கினார். பிறகு கொடுத்தார். கொடுத்துவிட்டு வரப்பைப் பார்த்தபடி, "வேணும்னா எம்பக்கம் கொஞ்சம் சேறு அப்பச் சொல்றேன். நீயும் உம்பக்கம் அப்பணும்" என்றார்.

"மொதல்ல நீங்க அப்புங்கண்ணே" என்றான் பஞ்சநதம்.

"நீ மொதல்ல அப்பு."

இன்றுவரை யாரும் அப்பவில்லை.

மத்தியானம் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பிரபு சாம்பாரைக் குறை சொன்னான். நெடுஞ்செழியன், கேனுக்குப் பதில் நல்லதாக ஒரு மிதவை செய்யவேண்டும், அதற்கு முறையாக ஒரு திட்டம் வேண்டும், அடுத்த ஞாயிறு கூடலாமா என்றான். யாரும் மறுக்கவில்லை. ஈஸ்வரி மட்டும், "குறுவைக்குள்ள முடியுமாண்ணே?" என்று கேட்டாள்.

"நீ எழுது" என்றான் நெடுஞ்செழியன் என்னிடம். "வடிவமைப்பு அத்தியாயம்."

"வரப்பு அகலம் எவ்வளவுன்னு போட?"

மூவரும் ஆளுக்கொரு எண் சொன்னார்கள். நான் எதையும் எழுதவில்லை. வண்டி ஒற்றையாக வரப்பில் போய்க்கொண்டிருந்தது. கேன் இழுத்த கோடு சேற்றில் நீளமாகத் தெரிந்தது, பின்னாலேயே தண்ணீர் வந்து அதை மூடிக்கொண்டிருந்தது. அடுத்த காதுகுத்துக்குள் இந்த வண்டி எப்படியும் பக்கத்து டவுனான வலங்கைமானைத் தாண்டியிருக்கும்.